வகுப்பு முடிந்ததும்

கல்லூரியின் மெயில் சர்வரைக் கட்டி மேய்ப்பது அவள் வேலை. போனவர்களின் கணக்கை மூடுவதும் அதில் அடக்கம். ஒரு கணக்கை மட்டும் மூடக் கை வரவில்லை. வேதியியல் வாத்தியாராக இருந்த அவள் கணவர், பாடம் நடத்தும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர். அன்று காலை அவர் போட்டு வைத்த தானியங்கிப் பதில் அப்படியே இருந்தது. யார் எழுதினாலும் அது கிளம்பும்: "வகுப்பில் இருக்கிறேன். முடிந்ததும் வந்துவிடுகிறேன்."

பழைய மென்பொருள், கல்லூரிகளுக்கென்று சும்மா கொடுத்த பதிப்பு. சரியான கஞ்சப் பிசினாறி. ஒரே ஆளுக்கு வாரத்துக்கு ஒரு தடவைதான் அந்தப் பதிலை அனுப்பும். திங்கட்கிழமை வந்தால் அவள், "எப்ப வருவீங்க?" என்று எழுதுவாள். பைத்தியக்காரத்தனம்தான், அவளுக்கே தெரியும். ஆனால் அந்த வரியை நம்பித்தான் வாரத்தை ஓட்டினாள்.

பிறகு துறைத்தலைவர் காசு கொடுத்து வணிகப் பதிப்பை வாங்கினார். எத்தனை தடவை எழுதினாலும் உடனே பதில் போடும். எல்லாக் கணக்குகளோடும் கணவருடையதையும் கமுக்கமாக ஏற்றிவிட்டாள். அன்று வாய் ஓயாமல் கேட்டாள். அவரும் சளைக்காமல் சொன்னார். உயிரோடு இருந்தபோது மனிதர் இவ்வளவு பேசியதில்லை.

தங்கையின் பிரசவத்துக்கு லீவு போட்டபோது தனக்கும் ஒரு தானியங்கிப் பதில் வைத்தாள்: "நான் இங்கே இல்லை. காத்திருக்க வேண்டாம்." கிளம்பும் அவசரத்திலும் பழக்கதோஷத்தில் அவருக்கு ஒரு வரி தட்டிவிட்டுப் போனாள்.

மறுநாள் தலைவர் போனில் கத்தினார். "என்னம்மா இது, மெயில் மொத்தமும் படுத்துடுச்சு! உடனே வாங்க!"

விழுந்தடித்து வந்தாள். திரையில் கடிதங்கள் ஓடிக்கொண்டிருந்தன. வந்துவிடுகிறேன் என்கிறார் அவர். நான் இங்கே இல்லை, காத்திருக்க வேண்டாம் என்கிறாள் இவள். மறுபடி அவர், மறுபடி இவள். நேற்றிலிருந்து ஓயவே இல்லை.

பெயரைப் பார்த்ததும் தலைவரின் கோபம் இறங்கிவிட்டது. "இதை இன்னும் மூடலையாம்மா?"

"இல்ல சார்."

"மூடிடுங்க."

மூடினாள். தலைவர் அந்த முகவரிக்குச் சும்மா ஒரு மெயில் போட்டுப் பார்த்தார். "அப்படி யாரும் இல்லை" என்று அடுத்த நொடியே திரும்பி வந்தது. திருப்தியாகப் போய்விட்டார்.

கடைசியாக யார் பேசியது என்று பார்த்தாள். அவள்தான். காத்திருக்க வேண்டாம் என்று அவரை அனுப்பியிருந்தாள். இவ்வளவு நாள் கேட்டுக் கேட்டுக் கூப்பிட்டுவிட்டு, வருகிற நேரத்தில் இல்லை என்றா சொல்வது?

அழுதுகொண்டே தட்டினாள். "இருக்கேங்க. இங்கதான் இருக்கேன்."

அனுப்பினாள். திரும்பி வந்து விழும் என்று திரையையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

வெளியே வகுப்பு முடிந்த மணி அடித்தது. கடிதம் திரும்பி வரவில்லை.