ஆரஞ்சு என்று நான் சொன்ன பச்சை

நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். யாருக்கு எந்தப் பவர், எந்த மூக்குக்கு எந்த ஃபிரேம் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. சிவப்பு எது, பச்சை எது என்பது மட்டும் பிறந்ததிலிருந்தே பிடிபடாது. மனைவிக்கும் மகளுக்கும் தெரியும். என் சட்டைகளை அவர்கள்தான் எடுத்து வைப்பார்கள். வெளியில் மூச்சு விட்டதில்லை. கண்ணாடிக்காரனுக்கே கண் கோளாறு என்றால் எவன் கடைக்குள் வருவான்?

மகளின் மழலையர் பள்ளி டீச்சர் ஒருநாள் கடைக்கே வந்துவிட்டார். "நாளைக்குப் பிள்ளைங்களுக்குக் கலர் கலக்கிக் காட்டணும் சார். கண்ணைப் பத்தித் தெரிஞ்சவர், நீங்களே வந்து செஞ்சா நல்லா இருக்கும்."

முடியாது என்று சொல்ல வேண்டியதுதானே? எங்கே! "அதுக்கென்ன டீச்சர், ஜமாய்ச்சிடலாம்" என்றது என் வாய். அதற்கும் எனக்கும் எப்போதுமே ஆகாது.

மனைவி கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டாள். "பாட்டில்ல பேர் போட்டிருக்கும், பாத்துக்கலாம்" என்று சமாளித்தேன்.

மறுநாள் போனால், உதவி செய்கிறேன் பேர்வழி என்று டீச்சர் சாயத்தையெல்லாம் முன்கூட்டியே கிண்ணங்களில் ஊற்றி வைத்திருந்தார். நாலு வெள்ளைக் கிண்ணங்கள். மஞ்சளும் நீலமும் தெரிந்தன. மற்ற இரண்டும் என் கண்ணுக்கு இரட்டைப் பிள்ளைகள். தரையில் பிளாஸ்டிக் அங்கி மாட்டிய வாண்டுகள் சுற்றி உட்கார்ந்திருந்தன. என் மகள் எல்லோருக்கும் முன்னால், பெருமை தாங்காமல்.

வந்தது வரட்டும் என்று ஒரு கிண்ணத்தை எடுத்து மஞ்சளில் ஊற்றிக் கலக்கினேன். "பாத்தீங்களா! மஞ்சளும் சிவப்பும் சேர்ந்தா ஆரஞ்சு!"

மூக்கு ஒழுகிக்கொண்டிருந்த ஒரு வாண்டு கத்தியது: "ஐயோ மாமா, அது பச்சை!"

அப்படியானால் மிச்சமிருப்பது சிவப்பு. மூளையைக் கசக்கி இதைக் கண்டுபிடித்த தெம்பில் அதை நீலத்தோடு கலந்தேன். நீலம் நீலமாகவே இருந்தது. "வரலையே..." என்று முணுமுணுத்தபடி இன்னும் ஊற்றினேன்.

"வந்துடுச்சு மாமா! ஊதா! ஊதா!"

அப்போது மகள் எழுந்து நின்றாள். "எங்கப்பாவுக்கு நிஜமாவே தெரியாது. அவருக்குச் சிவப்பும் பச்சையும் ஒண்ணாத்தான் தெரியும். நாமதான் சொல்லித் தரணும்."

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் வாசலைப் பார்த்தேன். ஓட வழியில்லை. அதற்குள் வாண்டுகள் என்னைச் சூழ்ந்துகொண்டன. ஒன்று என் கையில் பூசி, "இது சிவப்பு, சொல்லுங்க" என்றது. இன்னொன்று என் காதில் பூசியது. ஆளுக்கொன்றாகக் கலக்கி, பெயர் சொல்லி, என்னையும் சொல்ல வைத்து, கடைசியில் எல்லாக் கிண்ணமும் ஒரே சேறு.

"இது என்ன கலர்?" என்று கேட்டாள் மகள்.

"பச்சை" என்றேன் உறுதியாக. கூரை பிய்ந்துவிடும்போல் சிரிப்பு.

கிளம்பும்போது டீச்சரிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். "போன வருஷம் ஒரு ஓவியர் வந்தார் சார். பிள்ளைங்க கொட்டாவி விட்டுச்சு. இன்னைக்கு ஒண்ணுகூட இடத்தை விட்டு ஓடல. அடுத்த மாசமும் நீங்கதான் வரணும்" என்றார்.

வீட்டுக்கு வந்து, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மனைவியிடம் சொன்னேன். அவள் என் காதைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

"தெரியாத விஷயத்துக்குத்தான் கூப்பிடுறாங்கன்னா, நீங்க தினமுமே போகலாமே!"