பெயர் சொல்லாத பயணி

ஜெபதுரைக்குக் கதைப் புத்தகம் என்றாலே ஆகாது. "பொய்யைப் படிக்கவா ஆண்டவர் கண்ணைக் குடுத்தாரு?" என்பான். அமிர்திக்கு மேலே, மலையில் ஒரு மரக்கிடங்கில் கணக்கப்பிள்ளை வேலை. கண்ணமங்கலம் இறங்கினால் வாசகசாலையே கதி என்று கிடந்துவிட்டு, திரும்பும்போது, கீழே ஊரை விட்டு வந்து அவனோடு தங்கியிருந்த தங்கச்சி தெரசம்மாளுக்கு ஒரு கட்டுப் புத்தகம் சுமந்து வருவான். "இது விஜயநகரத்துச் சரித்திரம், படி. இது பறவைங்களைப் பத்தி. இது ஊறுகாய் பக்குவம், படிச்சாலே எச்சி ஊறும். அத்தனையும் நெசம்."

அவளுக்குச் சரித்திரமும் வேண்டாம், ஊறுகாயும் வேண்டாம். புருஷன் சந்தியாகப்பன் ரங்கூனில் அச்சாபீசு வேலையில் இருந்தான். போன கிறிஸ்துமஸ் சமயத்தில் அங்கே ஜப்பான்காரன் குண்டு போட்டான். அதோடு சரி, ஒரு தகவலும் இல்லை. கப்பல் கிடைக்காத சனங்கள் காட்டுவழியாக நடந்தே வருகிறார்களாம். நடந்து வர ரங்கூன் என்ன ஆரணியா? அந்த மனுஷன் இருக்கிறானா இல்லையா, அது ஒன்றுதான் அவளுக்குத் தெரிய வேண்டும்.

"பர்மாவைப் பத்தி எதுனா இருந்தா கொண்டா அண்ணே," என்றாள். அட்டை கிழிந்த பயண நூல் ஒன்று வந்தது. எழுதியவன் பேர்கூட அட்டையோடு போயிருந்தது.

அது புளி தட்டும் காலம். மலைப் பெண்கள் கிடங்குக்குப் பக்கத்து நிழலில் உட்கார்ந்து ஓடு உடைத்துக் கொட்டை எடுப்பார்கள். கைக்குத்தான் வேலை, காது சும்மாதானே கிடக்கிறது? "வாய்விட்டுப் படியேன், நாங்களும் கேக்கிறோம்," என்றாள் ராணியம்மாள். அந்தக் கூட்டத்துக்கே அவள்தான் வாய்.

தெரசம்மாள் படித்தாள். 'விடியலில் நான் ஐராவதி ஆற்றில் படகேறினேன். பனிக்குள்ளே பொன் கோபுரங்கள் மிதந்து வந்தன.' தட்டும் சத்தம் மெல்ல ஓய்ந்தது. புளிவாசனையும் வெயிலில் பறக்கும் தூசியுமாக இருந்த அந்த இடத்தில் எங்கிருந்தோ ஆறு வந்து நிறைந்தது. பகலில் கண்ட கனவு மாதிரி இருந்தது எல்லாருக்கும்.

அந்த மலை ஊரில் பெண்டாட்டி புருஷன் பேரை வாயால் சொல்ல மாட்டாள். படகில் போனவன் பேரைத் தெரசம்மாளும் சொல்லவே இல்லை. அப்புறம் சந்தேகம் என்ன? அவள் புருஷனேதான் என்று அத்தனை பேரும் முடிவு கட்டிவிட்டார்கள். ஜெபதுரை கொண்டுவரும் புத்தகம் பொய் சொல்லுமா?

மறுநாள் ராணியம்மாள் கேட்டாள்: "நேத்து நீ படிச்சதுல அந்த நாத்த மீனைத் துன்னாரே உங்கூட்டுக்காரரு, வவுறு ஒத்துக்கிச்சா?"

தெரசம்மாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது அவரு இல்லக்கா என்று சொல்ல வாயெடுத்தாள். ஆனால் கீழே ஊரில் எல்லாரும் 'ஐயோ பாவம்' என்று நகர்ந்து போனார்களே தவிர, அவன் சாப்பிட்டானா என்று ஒருத்தி கேட்டதில்லை. இவள் கேட்டதும் மனசு குளிர்ந்து போயிற்று. "ஒத்துக்கிச்சுக்கா," என்றாள்.

அவ்வளவுதான், வகையாக மாட்டிக்கொண்டாள். நாளாக ஆக, அந்தப் பயணிக்குச் சந்தியாகப்பனின் சாய்ந்த நடையும் இருமலும் வந்துவிட்டன. படிக்கிறவளே நம்ப ஆரம்பித்துவிட்டாள்.

கடைசி அத்தியாயத்தை முன்கூட்டியே பார்த்துவிட்டு வந்திருந்தாள். பயணி கப்பலேறி சயாமுக்குப் போய்விடுகிறான், ஊர் நினைப்பே இல்லாத பாவி. பெண்கள் வேலையை விட்டுவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண் எழுத்தின்மேல் ஓடியது, வாய் வேறு வழியில் போயிற்று. 'நான் காடுகளைக் கடந்தேன். வேலூர்க் கோட்டை தெரிந்தது. இதோ, அமிர்தி தாண்டி மலை ஏறுகிறேன்.' புத்தகத்தைப் பட்டென்று மூடினாள்.

ராணியம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "மலை ஏறிக்கினு கீறாரு, நீ இன்னா இன்னும் குந்திக்கினு கீறே? எழுந்திரு."

தூரதேசம் போய் வருகிறவனை எல்லையிலேயே நிறுத்திக் காலுக்குத் தண்ணீர் விடுவது அவர்கள் ஊர் வழக்கம். மொண்ட தண்ணீரைக் காலில் ஊற்றாமல் வீட்டுக்குத் திருப்பக் கூடாது. ஜெபதுரை வேலூருக்குப் போயிருந்தான், தடுக்க ஆளில்லை. ராணியம்மாள் குடத்தை இடுப்பில் ஏற்றினாள். எல்லாரும் எல்லைக்கல்லுக்கு நடந்தார்கள்.

மூங்கில் புதருக்குள் பனி இறங்கிக்கொண்டிருந்தது. வெள்ளையாக ஏதோ அசைந்தபோதெல்லாம் தெரசம்மாளுக்கு வேட்டியாகவே பட்டது. தான் கட்டிய பொய் என்று தெரிந்தும், பாழும் மனசு கேட்டால்தானே. வருவான், இந்த வளைவில் வருவான் என்று நின்றாள். சருகு சலசலத்தது, ஒரு மாடு வந்தது. பொழுது சாய்ந்தது.

"நான் பொய் சொல்லிட்டேங்கா," என்றாள் கடைசியில். "புஸ்தகத்துல வர்றது யாரோ ஒரு ஆளு. எங்கூட்டுக்காரரு இருக்கிறாரா செத்தாரான்னே எனக்குத் தெரியாது."

கிறிஸ்துமஸிலிருந்து அடக்கி வைத்த அழுகை அப்போதுதான் வந்தது. பின்னால் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள், ஒருத்தி கோபமாகத் திரும்பி நடந்தேவிட்டாள். ராணியம்மாள் கொஞ்ச நேரம் வழியையே பார்த்தாள். பிறகு குடத்தை இறக்கினாள்.

"காலைக் காட்டு," என்றாள்.

"எனக்கு எதுக்குக்கா?"

"அவரைத் தேடிக்கினு அம்மாந்தூரம் போய்ட்டு வந்துகீறே. தனியா வேற வந்துகீறே. காட்டு."

குளிர்ந்த தண்ணீர் பாதத்தில் விழுந்தது. தெரசம்மாள் அழுதுகொண்டே மற்ற காலையும் முன்னே வைத்தாள்.