மிரேக்கு ஐயாவுக்கு ஓர் ஒப்பாரி

முதல் லாரி வந்து நின்றபோது செர்வா பிரசவ வார்டில் ஒரு பெண்ணுக்கு ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் வழியே எட்டிப் பார்த்ததும் அவளுக்கே அது எகிறியது. லாரியிலிருந்து இறங்கிய பெண்கள் அத்தனை பேரும் சிவப்பும் கறுப்பும் கட்டியிருந்தார்கள். சனிக்கிழமை காலையில் இப்படி உடுத்திக்கொண்டு லாரி ஏறுகிறவர்கள் போமென்சோ பக்கத்தில் ஒரே இடத்துக்குத்தான் போவார்கள். இழவு வீட்டுக்கு.

ஆனால் இன்று இங்கே நடக்கவிருந்தது நன்றி விழா. குமாசி நகரத்தில் ஐஸ் மீன் விற்றுப் பெரிய ஆளான மிரேக்கு ஐயா பதினொரு மணிக்கு வருகிறார். எழுபத்தெட்டு வயது. இந்த வார்டை நடத்தும் ஒளிக்கை அறக்கட்டளைக்கு ஆறு வருஷமாகப் படியளப்பவர். அடுத்த மூன்று வருஷத்துக்கான தாளில் அவர் கையெழுத்துப் போட்டால் வார்டு நடக்கும். போடாவிட்டால் வெள்ளிக்கிழமை பூட்டு. ஒன்பது கட்டிலிலும் ஆள் இருக்கிறது. அடுத்த ஆஸ்பத்திரிக்கு இரண்டு மணி நேரம், அதுவும் மழை பெய்யாதிருந்தால்.

செர்வா லாரி நிலையத்துக்கு ஓடினாள். வியாழக்கிழமை அங்கே ஒட்டிய விழாப் போஸ்டரை அவள் இன்னும் பார்த்திருக்கவில்லை. ஆளுயரம் நின்றது. நடுவில் மிரேக்கு ஐயா, பின்னால் வெள்ளை மேகம், இரு பக்கமும் மெழுகுவத்தி, சுற்றிலும் அறக்கட்டளையின் சிவப்பும் கறுப்பும். கீழே பிறந்த வருஷம், ஒரு கோடு, பிறகு 'எங்கள் ஒளி'. அச்சுக்கடைக்காரர் இருபது வருஷமாக இழவு போஸ்டர் தவிர எதையும் அடித்ததில்லை. பெரியவர் படமும் பிறந்த வருஷமும் கையில் வந்ததும் கை தானாக மேகத்தைப் போட்டுவிட்டது. அதைக் கைப்பேசியில் பார்த்து, கம்பீரமாக இருக்கிறது என்று ஒப்புதல் கொடுத்தவர் டைரக்டர் டாக்டர் டார்க்கோ. பன்னிரண்டு வருஷம் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர். எதில் டாக்டர் என்று கேட்பவர்களுக்கு அவர் ஒரு பிரசுரம் கொடுப்பார்.

அவள் திரும்பி வருவதற்குள் இன்னும் மூன்று லாரிகள். பந்தலில் மேஜை போட்டு மொய் வாங்கத் தொடங்கியிருந்தார்கள். ஒருவன் ஒலிபெருக்கியில் பெயர் வாசித்தான். உயிரோடிருக்கும் பெரியவரைச் செத்தவர் என்பது இங்கே வசவிலெல்லாம் பெரிய வசவு. ஆடு வெட்டிச் சமாதானம் செய்தாலும் சில குடும்பங்கள் மூன்று தலைமுறைக்குப் பேசாது.

டார்க்கோ கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"பதறாதீங்க சிஸ்டர். சிவப்பு கறுப்பு நம்ம கலர்தானே? சீருடைன்னு சொல்லிடுவோம்."

"அவரும் இந்த மண்ணுல பொறந்தவர் டாக்டர். சீருடைக்கும் இழவுக்கும் வித்தியாசம் தெரியாதா?"

"எல்லாம் நாம சொல்ற விதத்துல இருக்கு."

அவருடைய தொழிலே அதுதான். நாற்பதாயிரம் பேர் பயன்பெற்றதாகச் சென்ற வருஷ அறிக்கையில் சொன்னவர் அவர். வார்டு வாசலைக் கடந்துபோன பேருந்துகளில் இருந்தவர்களையும் சேர்த்தாலொழிய அந்த எண் வராது.

கார் வந்தே விட்டது. பந்தலில் அச்சியா என்கிற பருத்த பெண் இரண்டு கையையும் தலைமேல் வைத்துக்கொண்டு, நடந்து நடந்து ஒப்பாரி பாடிக்கொண்டிருந்தாள். விழாவுக்கென்று தோளில் தும்பைப்பூப் போல வெள்ளைத் துணி போட்ட மிரேக்கு ஐயா இறங்கினார். அச்சியாவின் வாய் திறந்தபடியே நின்றது. யாரோ ஏசுவைக் கூப்பிட்டார்கள். இரண்டு பேர் ஓடினார்கள். ஒலிபெருக்கிக்காரன் பாதிப் பெயரில் நிறுத்தினான்.

பெரியவர் பந்தல் முகப்பில் இருந்த போஸ்டரைப் பார்த்தார். மேகத்தைப் பார்த்தார். மெழுகுவத்திகளை எண்ணுவதுபோலப் பார்த்தார்.

"நான் எப்ப செத்தேன்?"

டார்க்கோ சீருடை என்று தொடங்கினார். பெரியவர் அவர் பக்கம் திரும்பவே இல்லை. செர்வாதான் முன்னால் வந்து, அச்சுக்கடை, மேகம், ஒப்புதல் எல்லாவற்றையும் தரையைப் பார்த்தபடி சொன்னாள். அவர் கேட்டு முடித்தார். பிறகு தன் படத்துக்கு நேர் கீழே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஏம்மா, ஒப்பாரியை ஏன் நிறுத்திட்டே? எனக்குத்தானே பாடினே? முடிச்சிரு."

ஒப்பாரியில் செத்தவரிடம் உள்ள குறையெல்லாம் சொல்லலாம். அவர் போகிற இடத்தில் எடுத்துச் சொல்லுவார். அதை யாரும் தடுக்கவும் கூடாது, கோபிக்கவும் கூடாது. அச்சியா ஒருமுறை செர்வாவைப் பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள்.

"மீன்காரரே, மிரேக்கு அய்யாவே,
வெளிச்சம் வாங்கிக் குடுத்தீரே,
அந்த மிஷினு சத்தத்த நாங்க கேக்கலியே.
போன் வெளிச்சத்துல புள்ள பெத்தேனே,
தொப்புள்கொடியத் தடவித் தடவி அறுத்தாளே சிஸ்டரு.
போற எடத்துல சொல்லி
ஒரு வெளக்கு அனுப்புமய்யா."

கிராமியக் கலையில் மிகை சகஜம் என்றார் டார்க்கோ. பெரியவர் செர்வாவிடம், "ஜெனரேட்டர் எங்கம்மா?" என்றார்.

அறிக்கையின் பதினாலாம் பக்கத்தில் அது வார்டு வாசலில் நிற்கிறது. படம் எடுத்த மறுநாளே, தற்காலிகமாக என்று சொல்லி, குமாசி ஆபீசுக்கு ஏற்றிப்போனார்கள். அறிக்கை தயாராகும் அறையைக் குளிர வைக்க. பெற்றுக்கொண்டேன் என்று தாளில் இருப்பது செர்வாவின் கையெழுத்து. போடாவிட்டால் வார்டை மூடுவோம் என்றார்கள். இப்போது உண்மையைச் சொன்னாலும் மூடுவார்கள். டார்க்கோ அவளையே பார்த்தார். உள்ளே யாரோ வலியில் முனகினாள்.

"குமாசி ஆபீஸ்ல இருக்கு ஐயா. ரெண்டு வருஷமா. இங்க இருக்குன்னு கையெழுத்துப் போட்டது நான்தான்."

டார்க்கோ சட்டென்று மூன்று வருஷத் தாளையும் பேனாவையும் நீட்டினார். இதையெல்லாம் பிறகு உள்ளே உட்கார்ந்து பேசலாமே என்றார்.

"நான்தான் செத்துட்டேனே டாக்டர். செத்தவன் கையெழுத்து செல்லாதே."

செர்வா வார்டு ஜன்னலைத் திரும்பிப் பார்த்தாள். ஒன்பது கட்டில். வெள்ளிக்கிழமை.

பெரியவர் சோறு கேட்டார். தன் இழவுச் சோற்றை இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டார். கை கழுவிவிட்டுச் செர்வாவின் நோட்டில் ஒரு தாள் கிழிக்கச் சொல்லி, தானே எழுதினார். வார்டுக்கு ஒரு வருஷம். அறக்கட்டளைக்கு அல்ல, நேராக வார்டுக்கு. ஜெனரேட்டர் திங்கட்கிழமைக்குள் இங்கே வர வேண்டும்.

"இனிமே பொய்க் கையெழுத்துப் போடாதே. அறிக்கையும் அனுப்ப வேண்டாம். அடுத்த வருஷம் இதே சனிக்கிழமை எனக்கு ஒப்பாரி வைங்க. இந்தம்மாதான் பாடணும். அதைக் கேட்டுட்டு மத்த வருஷத்தைப் பாக்கலாம்."

"அதுக்குள்ள நெசமாவே போயிட்டீங்கன்னா?" என்றாள் அச்சியா.

"அப்ப மட்டும் கொஞ்சம் நல்லதாப் பாடு."

திங்கட்கிழமை ஜெனரேட்டர் வந்தது. மூன்றாம் மாதம் ஒளிக்கை அறக்கட்டளையின் புதிய மலரும் வந்தது. கரண்ட் போயிருந்த ஒரு மத்தியானம், ஜெனரேட்டர் இரைச்சலில், எரிகிற விளக்கின் கீழ் செர்வா அதைப் புரட்டினாள். நடுப்பக்கத்தில் தலைமேல் கை வைத்த அச்சியா. 'ஒப்பாரி வழிப் பயனாளர் கருத்தறிதல்: டாக்டர் டார்க்கோவின் முன்னோடி முறை' என்று தலைப்பு.

கலந்துகொண்டோர், நாற்பத்தோராயிரம்.