சத்து மாத்திரை டப்பா

மருந்துக் கடையில் அவளுக்குக் 'கறார் அக்கா' என்று பெயர். அட்டையில் இருக்கும் பேரை இரண்டு தரம் படித்து, எதற்கான மாத்திரை என்று சொல்லாமல் ஒன்றைக்கூடக் கையை விட்டு விடமாட்டாள். வரிசையில் நிற்பவர்கள் பல்லைக் கடிப்பார்கள். கடிக்கட்டும் என்பாள்.

அதே கறார் அக்கா வீட்டில் செய்த வேலை வேறு. மாதாமாதம் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, ஈஸ்ட்ரோஜன் மாத்திரைகளை அட்டையிலிருந்து பிதுக்கி, பழைய வைட்டமின் டப்பாவில் நிரப்பி மகளிடம் நீட்டுவாள். "சத்து மாத்திரைடி. விடாம சாப்பிடு."

மகள் சின்னவளாக இருந்தபோது, குடலிறக்கம் என்று அறுத்துப் பார்த்த இடத்தில் விரைகள் இருந்தன. குரோமோசோம் சோதனையில் ஆணுக்குரிய எக்ஸ்-ஒய் என்று வந்தது. ஆண் ஹார்மோன் சுரந்தும் அந்த உடம்பு அதற்குச் செவிசாய்க்கவே இல்லை. அதனால் பெண்ணாகவே பிறந்தாள், பெண்ணாகவே வளர்ந்தாள். விரைகளை எடுத்துவிட்டார்கள். அதன் பிறகு அவள் பருவமடைவதும், எலும்பு உரமாக நிற்பதும் மாத்திரையின் தயவில்தான்.

கணவர் அன்றே காதைப் பொத்திக்கொண்டார். "அவளுக்குத் தெரியவே கூடாது. மருந்து மாத்திரையெல்லாம் உன் பாடு, என்கிட்ட சொல்லாதே." மாதவிலக்கு ஏன் வரவில்லை என்று மகள் கேட்டபோது, கர்ப்பப்பை இல்லை என்ற பாதி உண்மையோடு கறார் அக்கா நிறுத்திக்கொண்டாள். மீதிப் பாதியைச் சொன்னால் மகள் தன்னை அம்மா என்று கூப்பிடமாட்டாள் என்ற பயம் அவளை அரித்துத் தின்றது.

இந்த வருடம் மகளுக்கு அடிக்கடி உடம்பு கொதித்து வியர்த்துக் கொட்டியது. வெயில் என்று சொல்லி மின்விசிறியைக் கூட்டி வைத்தாள், ஊருக்கெல்லாம் மருந்து தெரிந்த மகராசி. கணவருக்கோ மார்பு வீங்கி, சட்டை உரசினாலே வலித்தது. புற்றுநோய்தான் என்று அவரே முடிவு கட்டி அழுதார். மூவரும் டாக்டரிடம் போனார்கள்.

"வேற ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா?" என்று கணவரைக் கேட்டார் டாக்டர்.

"என்னோட சத்து மாத்திரைதான் டாக்டர்," மகள் முந்திக்கொண்டாள். "அப்பா ரொம்ப ஓஞ்சு போயிருந்தாரு. நான் கல்லு மாதிரிதானே இருக்கேன்னு, கொஞ்ச மாசமா அவருக்கே குடுத்துட்டேன்." பையிலிருந்து டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

டாக்டர் ஒரு மாத்திரையைப் புரட்டிப் பார்த்தார். "இது சத்து மாத்திரை இல்லம்மா. பெண் ஹார்மோன். சாப்பிட்டதால அப்பாவுக்கு வீக்கம், நிறுத்தினதால உனக்குக் கொதிப்பு."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து கறார் அக்கா எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். கணவர் பையை மார்புக்கு முன்னால் மறைத்துப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார். மகள் அழவில்லை.

"கடையில இப்படி டப்பா மாத்திக் குடுத்தா என்ன செய்வாங்க?"

"வேலையை விட்டுத் தூக்கிடுவாங்க."

"இத்தனை வருஷத்துல யாருக்காவது குடுத்திருக்கியா?"

"ஒருத்தருக்கும் இல்லடி. சத்தியமா."

"முன்ன பின்ன தெரியாதவங்களுக்கெல்லாம் பேரைப் படிச்சுச் சொல்லியிருக்கே," என்றாள் மகள். "நானும் வந்து வரிசையில நின்னிருக்கணும்மா."