வரிசையில் நின்ற வாளிகள்

லாயாங் லாயாங் ரயில் நிலையத்துக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் சந்திரமதியைத் தெரியாதவர்கள் கிடையாது. அவள் சிரித்தால் அடுத்த லயத்து வீடுகளுக்குக் கேட்கும். கோபம் வந்தால் அதற்கும் அப்பால் கேட்கும்.

ரப்பர் பால் நிறுப்பதும் வேலைக்கு வந்தவர்களின் பேர் போடுவதும் கணக்கெழுதும் தங்கராஜு கிராணியின் வேலை. தோட்டத்துக்குப் புதிதாக வந்தவன். வந்த சூட்டோடு, தன் வீட்டில் பாத்திரம் துலக்க வரும்படி சந்திரமதிக்கு ஆள் அனுப்பினான். அவள் மறுநாள் விடியற்காலை பெரட்டுக் களத்தில், வேலைக்கு ஆள் பிரிக்கும்போது, எல்லோர் முன்னாலும் பதில் சொன்னாள்.

"மரம் சீவத்தான் கப்பலேறி வந்தேன், ஐயா. ஒங்க வீட்டுச் சட்டி கழுவ வரல."

யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பைக் கிராணி மறக்கவே இல்லை.

அன்று முதல் மரம் சீவ மேட்டு நிரைதான் அவளுக்கு. அங்கே மரமெல்லாம் கிழடு. பட்டை முழுக்க முடிச்சு. மழை பெய்தால் ஏறவும் முடியாது, இறங்கவும் முடியாது. ஒருநாள், பாலில் தண்ணீர் கலந்துவிட்டாள் என்று சொல்லி அவள் வாளியைக் கால்வாயில் கவிழ்த்தான். காலையிலிருந்து பட்ட பாடு வெள்ளையாக ஓடிப் போவதை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். வீட்டில் கைக்குழந்தை இருக்கிறதே என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அவன் அந்தக் குழந்தையிலேயே கை வைத்தான்.

பிள்ளை பெற்றவர்கள் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு நேரே, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகைக்கு ஓடுவது வழக்கம். பால் நிறுக்கும் ஸ்டோருக்கு எதிர்ப்புறம்தான் கொட்டகை. கைக்குழந்தைக்காரிகள் இனிமேல் வரிசையில் கடைசியாகத்தான் நிற்கவேண்டும், வாளியை நிறுத்து முடிக்காமல் யாரும் நகரக்கூடாது என்று கிராணி உத்தரவு போட்டான். போட்டுவிட்டு, தராசுக் கல்லை ஆற அமர எடுத்து வைப்பான். நடுவில் வெற்றிலை போடுவான். எதிரே கொட்டகையில் குழந்தைகள் வீறிட்டு அழும். ஆயா செல்லம் சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டுத் தொட்டு வைத்துப் பார்ப்பாள். தாய்மார்களின் ரவிக்கை நனைந்து போகும். முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு நிற்பார்கள்.

"ஒன் வாய்க் கொழுப்பால எங்க புள்ளைங்களும் பட்டினி கெடக்குதுங்க" என்று வரிசையில் நின்ற ராசம்மா ஒருநாள் அழுதேவிட்டாள்.

சந்திரமதிக்குச் சுருக்கென்றது.  சாயங்காலம் தண்ணீர்க் குழாயடியில் ராசம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அழுது என்னாக்கா ஆகப் போவுது? நாளைக்கு நா வாளிய வச்சிட்டு நடந்துருவேன். நீங்களும் வந்தா அவன் எத்தன பேரத்தான் வெரட்டுவான்?"

ராசம்மா கையை விடுவித்துக்கொண்டாள். குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் வெயில் ஏறியிருந்தது. முதலில் ஆண்களின் வாளிகள் நிறுக்கப்பட்டுக்கொண்டிருந்தன. கிராணி வெற்றிலைக்குக் காம்பு கிள்ளினான். கொட்டகையிலிருந்து சந்திரமதியின் மகள் அழும் குரல் கேட்டது. அவள் வாளியைத் தரையில் வைத்தாள். வரிசையை விட்டு விலகி நடந்தாள்.

"ஏய்! எங்க போற?"

அவள் திரும்பவில்லை. பின்னால் இன்னொரு வாளி தரையில் வைக்கப்படும் சத்தம் கேட்டது. ராசம்மா. அப்புறம் கருப்பாயி. அப்புறம் மற்றவர்கள். வாளிகள் மட்டும் வெயிலில் வரிசையாக நின்றன.

"கங்காணி! அந்த வாளிங்கள நெழலுக்குத் தூக்கச் சொல்லு!" என்று கிராணி கத்தினான்.

ஆட்களை வேலை வாங்கும் சபாபதி கங்காணி பயந்த சுபாவம். கிராணி இருமினால்கூட எழுந்து நிற்பவர். அவர் ஆண்களைப் பார்த்தார். ஒருவரும் அசையவில்லை. சந்திரமதியின் புருஷன் அர்ச்சுனன் கைகட்டி முன்னால் நின்றான்.

"அது பொம்பளைங்க வாளிங்க, ஐயா" என்றார் சபாபதி. "அவங்க வரட்டும்."

கிராணி கொட்டகையை நோக்கி ஓடினான். வாசலில் செல்லம் இரண்டு கையையும் விரித்து நின்றுவிட்டாள். "உள்ள பொம்பளைங்க பால் குடுக்குறாங்க, ஐயா. கண்ண அந்தப் பக்கம் திருப்புங்க."

அவனுக்கு வேறு வழி தெரியவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு வெளியே நின்று கத்தினான்.

"வெளிய வா! வெயில்ல பால் கட்டிப் போவுது!"

"எங்களுக்குந்தான் பால் கட்டிப் போவுது, ஐயா!" என்றாள் சந்திரமதி உள்ளேயிருந்து. "ராத்திரியெல்லாம் நெறி கட்டிக் காச்சல் வருது. அதுக்கு யாரு பதில் சொல்றது?"

உள்ளே பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

"தொரைகிட்ட சொல்லி ஒன்னய லயத்த விட்டே தொரத்துறேன் பாரு!"

"தாராளமா சொல்லுங்க. புள்ளைக்குப் பால் குடுத்தாளுன்னு சொல்லுங்க. வாளிய எதுக்கு வெயில்ல காயப் போட்டேன்னு ஒங்களயுந்தானே தொர கேப்பாரு? நானும் வந்து பக்கத்துல நிக்கிறேன்."

 கிராணியின் செருப்புச் சத்தம் ஸ்டோர் பக்கம் தேய்ந்து போனது. குழந்தை குடித்து முடித்து, ஏப்பம் விட்டு, தோளில் சாய்ந்து தூங்கும்வரை சந்திரமதி எழுந்திருக்கவில்லை. பிறகு எல்லோரும் சேர்ந்து திரும்பினார்கள். அடிப்பகுதியில் கொஞ்சம் திரிந்திருந்த பாலைக் கிராணி அப்படியே நிறுத்தான். துரைக்குப் புகாரும் போகவில்லை.

அடுத்த பெரட்டில், யார் முகத்தையும் பார்க்காமல், "புள்ளக்காரிங்க மொதல்ல நிறுத்துட்டுப் போவலாம்" என்றான், தானே யோசித்துச் சொல்வதுபோல. சந்திரமதிக்கு மட்டும் அதே மேட்டு நிரைதான். அவள் மரம் சீவும் உளியை எடுத்துக்கொண்டாள்.

மேட்டுப் பாதையில் கூடவே நடந்த அர்ச்சுனன், "நேத்து ஒனக்குப் பயமா இல்லியா?" என்று கேட்டான்.

"காலெல்லாம் நடுங்கிச்சு. நின்னா விழுந்துருவேன்னுதான் திரும்பிப் பாக்காம நடந்தேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். கீழே பெரட்டுக் களத்தில் நின்றவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.