ஆறு வேணும்

முயல்காரம்மா முயல்களின் தண்ணீர்க் குப்பிகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தபோது, கொட்டகை வாசலில் நோட்டுப் புத்தகத்தோடு வந்து நின்ற கணவர், "ஏம்மா, ஒண்ணு கேக்கட்டுமா?" என்றார். எட்டு மாதங்களாக அவர் கேட்ட எதுவும் ஒன்றோடு நின்றதில்லை. ஆகையால் முயல்காரம்மா அடுத்த குப்பியைக் கையில் எடுத்தார்.

"ரோலர் சுத்துற மெஷினா, தட்டு சுத்துற மெஷினா, எதும்மா நமக்கு சரியா வரும்?"

"எது சுத்தினாலும் சரிங்க. எனக்குத் தலை சுத்தாம இருந்தாப் போதும்."

அதை அவர் நோட்டில் குறித்துக்கொள்ளவில்லை என்பது ஒன்றே ஆறுதல்.

கணவரைக் குறை சொல்வது முயல்காரம்மாவின் வழக்கமன்று. மின் மீட்டர்களைச் சோதிக்கும் அறையில் பணிபுரிந்து ஓய்வு பெற்றவர் அவர். மூன்று முறை சோதிக்காமல் ஒரு மீட்டரையும் வெளியே விட்டதில்லை என்று பிரிவு உபசாரக் கூட்டத்தில் மேலதிகாரியே புகழ்ந்தார். அந்தப் புகழ்ச்சியை அவர் அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம். வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். முயல்காரம்மாவின் தம்பி அவருக்கு வைத்திருக்கும் பெயர் ஆராய்ச்சி மணி. "அடிச்சுக்கிட்டே இருக்கும்க்கா, நீதி மட்டும் கிடைக்காது" என்பான். உடன்பிறந்தவன் தன் கணவரைக் கேலி செய்யும்போது கோபப்படுவதே முறை என்பதால் அவர் ஒவ்வொரு முறையும் முறையாகக் கோபப்பட்டார். ஆனால் இந்த எட்டு மாதங்களில் அந்தக் கோபத்தின் சூடு வெகுவாகக் குறைந்துவிட்டிருந்தது.

தேவையானது பெரிய ஆலையன்று. அரைத்த தீவன மாவைத் துளைத் தட்டில் அழுத்திக் குச்சி குச்சியாக வெளித்தள்ளும் ஒரு சிறிய பெல்லட் மெஷின், வீட்டு மின்சாரத்தில் ஓடுவது, அவ்வளவுதான். தீப்பெட்டியில் குச்சி பற்றாத, உப்பு ஜாடியில் கரண்டி முளைத்தது போல் ஒட்டிக்கொள்கிற, அலமாரிக் கதவு ஊதிப்போய்த் தோள் கொடுத்துத் திறக்க வேண்டியிருக்கிற ஊர் அது. வெளியிலிருந்து வரும் தீவன மூட்டை அங்கே வந்து சேரும்போதே பாதி ஆயுளை முடித்திருக்கும். வாரத்துக்கு வேண்டியதை வாரந்தோறும் தாமே செய்துகொள்வது என்று கடந்த மழைக்குப் பிறகு இருவரும் முடிவு செய்தார்கள். முடிவு செய்ய ஐந்து நிமிடம் ஆயிற்று. மெஷின் இன்னும் வரவில்லை.

கடந்த மழையில் ஒன்பது நாட்களுக்குள் இருபத்து மூன்று முயல்கள் வயிறு ஊதிச் செத்தன. மூட்டையைப் பிரித்தபோது உள்ளே ஒரு வெதுவெதுப்பும், ஈரத் துணியை மடித்து வைத்தாற்போன்ற ஒரு வாடையும் இருந்தன. மேலாக இருந்ததை வழித்து எறிந்துவிட்டு, கீழே இருப்பது நன்றாகத்தானே இருக்கிறது என்று எண்ணித் தம் கையாலேயே கிண்ணங்களில் போட்டவர் முயல்காரம்மா. ஆயிரம் கேள்வி கேட்கும் கணவர் அதைப் பற்றி மட்டும் இன்றுவரை ஒரு கேள்வியும் கேட்டதில்லை. இப்போது மீதமிருப்பவை பதினெட்டு. அவற்றில் காதறுந்தவள் என்று அழைக்கப்படும் தாய்முயல் சினையாக இருந்தது. இந்த மழையிலும் ஒன்று வயிறு ஊதிச் சரிந்தால் கூண்டுகளை எல்லாம் கழற்றிவிடுவது என்று முயல்காரம்மா தீர்மானித்திருந்தார். அதைக் கணவரிடமும் சொல்லியிருந்தார். அவர் தலையாட்டிவிட்டு நோட்டைத் திறந்தார்.

அந்த நோட்டில் நாற்பத்தொரு பக்கங்கள் நிறைந்திருந்தன. முதல் மெஷின் மும்முனை மின்சாரம் கேட்டது. இரண்டாவதன் மோட்டாருக்கு மூடி இல்லை, ஈரம் ஏறிவிடும். மூன்றாவதன் தட்டு துருப்பிடிக்கும் இரும்பு. நான்காவதில் ஒரு குறையும் இல்லை, அதுவே அவருக்குச் சந்தேகமாக இருந்தது. ஐந்தாவதிலிருந்து எல்லாவற்றையும் தள்ளி வைத்தது ஒரே ஓர் எண்.

இரண்டு மாதங்களுக்கு முன்பு, கோடையில் தப்பி வந்த ஒரு மழையின்போது, கணவர் கொட்டகையின் தகரக் கூரைக்குக் கீழே நின்றபடி ஃபிட்டர் அண்ணனுக்குப் போன் செய்தார். ஃபிட்டர் அண்ணன் முயல்காரம்மாவின் பெரியப்பா மகன், தீவன ஆலையில் முப்பது வருடம் மெஷின் பார்த்தவர். ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டு, மறு காதில் போனை அழுத்திக்கொண்டு, "சத்தமா சொல்லுங்க மச்சான், சத்தமா!" என்று கணவர் கத்தியது சமையலறை வரை கேட்டது. நனைந்துகொண்டே வீட்டுக்குள் வந்தவர் சிவப்புப் பேனாவைத் தேடி எடுத்து எழுதினார்: 'துளை 6. கட்டாயம் வேண்டும். மூன்று முறை வலியுறுத்தினார்.'

"முயலுக்கு நாலு மில்லிதானேங்க எல்லாரும் போடுறாங்க?"

"உங்க அண்ணன் 'ஆறு வேணும், ஆறு வேணும்'னு தொண்டை கிழியச் சொல்றாரு. என் பேச்சைத்தான் கேக்க மாட்டே, உங்க வீட்டு ஆளு பேச்சையுமா கேக்க மாட்டே?"

பிறந்த வீட்டைக் கொண்டு வாயை அடைத்தால் எந்தப் பெண்ணும் என்ன செய்வாள்? தாமே அண்ணனுக்குப் போன் செய்து கேட்டிருக்கலாம். ஆனால் அண்ணன் எடுத்த எடுப்பில் "எத்தனை முயல் நிக்குது?" என்றுதான் கேட்பார். கடந்த மழைக்குப் பிறகு முயல்காரம்மா அவருக்குப் போனே செய்யவில்லை. சிறிய மெஷின்களில் மூன்று, நான்கு, எட்டு என்று தட்டுகள் வந்தன. ஆறு மட்டும் எந்தக் கடையிலும் இல்லை. வானமோ இறங்கி இறங்கி வந்தது.

ஆகவே அன்று காலை, கடைசிக் குப்பியைக் கவிழ்த்த கையோடு, அவர் ஒரு எவர்சில்வர் தூக்கில் தம் தீவன மாவை நிரப்பி மூடிக்கொண்டு, "கிளம்புங்க. இன்னைக்கு மெஷின் இல்லாம நான் திரும்பி வரப்போறதில்லை" என்றார். கணவர் பேனாவுக்கு மை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்.

கடை குளிரூட்டப்பட்டிருந்தது. பச்சை வண்ணம் பூசிய மெஷின்கள் கண்ணாடித் தரையில் தங்கள் நிழலின் மீதே நின்றுகொண்டிருந்தன. கடைக்காரர் தம்முடைய மாவைக் கொட்டிச் சுவிட்சைப் போட்டார். ஒரே நீளத்தில் பெல்லட்கள் உதிர்ந்தன. அவர் பெருமையோடு பார்த்தார்.

"உங்க மாவு உங்க ஏசி ரூம்ல இருக்கு. எங்க மாவு எங்க வீட்டுல இருக்குது" என்று முயல்காரம்மா தூக்கை நீட்டினார்.

அதைப் போட்டதும் மெஷின் இரண்டு முறை இருமியது, பிறகு முனகியது, பிறகு நின்றேவிட்டது. துளைகளில் மாவு சேறாக அப்பிக்கொண்டது.

"ஈரம் ஜாஸ்திம்மா" என்றார் கடைக்காரர், மாவே குற்றவாளி என்ற குரலில். "சார், ஈரம் எத்தனை பர்சென்ட்?"

கணவரின் முகம் மலர்ந்தது. எட்டு மாதங்களில் அவரைப் பார்த்து ஒருவர் கேள்வி கேட்டது அதுவே முதல் முறை. அவர் இருபத்தேழாம் பக்கத்தைப் புரட்டத் தொடங்குவதற்குள், முயல்காரம்மா கடைக்காரரின் மாவில் ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிடித்து விரித்தார். உருண்டை நின்றது. விரலால் தொட்டதும் விண்டு உதிர்ந்தது. தம் மாவைப் பிடித்தார். உருண்டை நின்றது, தொட்டபோது விரல் பதிந்ததே தவிர விள்ளவில்லை. "பிடிச்சா பிடிக்கணும், தொட்டா உதிரணும். இதுல ரெண்டு கை காஞ்ச தவிடு கொட்டுங்க" என்றார். கடைக்காரர் தட்டைச் சுரண்டிக் கழுவி, தவிடு கலந்து, மறுபடி ஓட்டினார். இம்முறை மெஷின் அடம்பிடிக்கவில்லை. ஆவி பறக்க, நாலு மில்லிக் கனத்தில், பெல்லட்கள் வந்து விழுந்தன. காதறுந்தவளுக்குக் கொடுத்துப் பார்க்கலாம் என்று, கை பொறுக்காத சூட்டோடு அவற்றை வாரித் தூக்கில் போட்டு மூடிக்கொண்டார்.

"இதையே எடுத்துக்கலாங்க."

"இது நாலும்மா" என்றார் கணவர். "நமக்கு ஆறு வேணுமே."

"டையை, அதான் அந்தத் துளைத் தட்டை, மாத்திக்கலாம் சார். ஆனா ஆறுல டை வரணும்னா மூணு மாசம் ஆகும்."

"மூணு மாசமா? அதுக்குள்ள இவர் தலைக்குத்தான் டை அடிக்கணும்" என்றார் முயல்காரம்மா. கடைக்காரர் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் கணவரின் நரையைப் பார்த்துவிட்டு விற்பனைக் கையேட்டைப் பார்த்தார்.

அதன்பின் நடந்த விவாதத்தை முழுவதும் எழுதுவது வாசகரின் பொறுமைக்குச் செய்யும் துரோகமாகும். ஆறு ஏன் முக்கியம் என்று கடைக்காரர் கேட்டார். அனுபவஸ்தர் சொன்னார் என்றார் கணவர். முயலின் பல்லுக்கு நாலுதான் வசதி என்றார் கடைக்காரர். மூன்று முறை சொன்னார் என்றார் கணவர். முயல்காரம்மா நாற்காலியில் அமர்ந்து, மூச்சை உள்ளே இழுத்து, பத்து வரை எண்ணினார். எண்ணும்போது ஆறு வந்த இடத்தில் பல்லைக் கடித்தார். கையைச் சும்மா வைத்திருக்க முடியாமல் தூக்கின் மூடியைத் திறந்தார்.

மூடியின் உட்புறம் முழுவதும் முத்து முத்தாக நீர். ஒரு துளி உருண்டு அவர் மணிக்கட்டில் விழுந்தது. மேலாக இருந்த பெல்லட்கள் பளபளப்பு இழந்து ஊறிப் பருத்திருந்தன. அவற்றிலிருந்து எழுந்தது வெதுவெதுப்பான, ஈரத் துணியை மடித்து வைத்தாற்போன்ற ஒரு வாடை.

அந்த வாடையை அவர் உலகின் எந்த மூலையிலும் அடையாளம் கண்டுவிடுவார்.

"அடடா, சூட்டோட மூடிட்டீங்களேம்மா" என்று கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "வேர்த்துப் போச்சு பாருங்க. ஆறணும்மா. ஆறின பிறகுதான் மூடணும்."

முயல்காரம்மா மெல்லத் தலையைத் திருப்பி, கணவரின் மடியில் திறந்து கிடந்த நோட்டைப் பார்த்தார். சிவப்பு மையில் வட்டமிட்ட அந்த எண்ணைப் பார்த்தார். பிறகு பையிலிருந்து போனை எடுத்து, எட்டு மாதங்களாக அழைக்காத எண்ணை அழைத்து, ஒலிபெருக்கியைப் போட்டு மேசைமீது வைத்தார்.

"அட, தங்கச்சியா! வழி தெரிஞ்சுதா போனுக்கு? எத்தனை முயல் நிக்குது இப்போ?"

"பதினெட்டுண்ணே."

"சரி. பதினெட்டு நிக்குதில்ல? அதைச் சொல்லு" என்றார் ஃபிட்டர் அண்ணன், குரல் தணிந்து.

"அண்ணே, இவர்கிட்ட ஆறு வேணும்னு சொன்னீங்களாமே. அது எந்த ஆறு?"

"ஆறு வேணும்னா? நான் எங்க சொன்னேன்? ஆறணும்னு சொன்னேன்! பெல்லட் சுடச்சுட வரும், ஆறணும் மாப்பிள்ளை, நல்லா ஆறணும், ஆறாம மூட்டை கட்டினா உள்ள வேர்த்துப் பூஞ்சை புடிக்கும், உசுருக்கே ஆபத்துன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். மெஷின் எதுவா இருந்தா என்ன? ஏன், மாப்பிள்ளைக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலைண்ணே. அவருக்கு எப்பவும் போலத்தான்."

கணவர் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே அமர்ந்திருந்தார். தகரத்தில் மழை விழுந்துகொண்டிருந்தது என்று சொல்ல வாயெடுத்தவர் பேனாவை எடுத்தார். சிவப்பு வட்டத்தின் மேல் ஒரு கோடு போட்டார். மூன்று மாதம் கழித்து ஆறு மில்லித் தட்டோடு ஒரு மெஷின் கிடைத்திருந்தால், அதில் வந்ததைச் சுடச்சுட மூட்டை கட்டி, அதைத் தாமே சுமந்துகொண்டு போய்க் கொட்டகையில் வைத்திருப்பார். இதை அவர் மனத்தில் ஓட்டிப் பார்ப்பது முயல்காரம்மாவுக்கு முகத்திலேயே தெரிந்தது. திட்டுவதற்காகச் சேர்த்து வைத்திருந்த சொற்கள் நாக்கின் நுனியில் வரிசை கட்டி நின்றன. மேலாக இருந்ததை மட்டும் வழித்து எறிந்த தம் கையை அவர் ஒரு முறை பார்த்துக்கொண்டார்.

"நாலே அனுப்புங்க" என்று கடைக்காரரிடம் சொன்னார்.

எழுந்து வாசலுக்கு வந்தபோது பின்னால் நோட்டின் தாள் புரளும் ஓசை கேட்டது.

"ஏம்மா, ஒண்ணு கேக்கட்டுமா? ஆற வைக்க டேபிள் ஃபேன் நல்லதா, சுவத்துல மாட்டுற ஃபேன் நல்லதா? ஈரக் காத்தையே ஊதினா ஆறுமா? அதுக்கு..."

"நம்ம படுக்கை ரூம்ல ஒரு ஃபேன் இருக்குங்க. அதுக்குப் பதினோரு வயசு. அதைச் சோதிச்சுப் பார்த்தாச்சு."

மெஷின் வந்த நான்காம் நாள் பகலில் மழை தொடங்கியது. கொட்டகையின் நடுவே இரண்டு முக்காலிகளின் மீது பழைய ஜன்னல் வலைச் சட்டத்தைக் கிடத்தி, அதன்மேல் பெல்லட்களை ஒற்றை அடுக்காகப் பரப்பி, படுக்கையறை மின்விசிறியைத் திருப்பி வைத்திருந்தார்கள். காற்று ஈரமாகத்தான் இருந்தது. கணவர் இரண்டு முறை கையை நீட்டினார், இரண்டு முறையும் முயல்காரம்மா "தொடாதீங்க, ஆறட்டும்" என்றார். காதறுந்தவள் கம்பியில் மூக்கை வைத்துக்கொண்டு வலைச் சட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிற்பகலில் ஒரு கைப்பிடியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்து, சூடு இல்லை என்று தெரிந்ததும், முயல்காரம்மா அதை ஒரு கண்ணாடிப் புட்டியில் போட்டு இறுக மூடி ஜன்னல் கட்டையில் வைத்தார். இரண்டு மணி நேரம் கண்ணாடி வேர்க்காமல் இருந்தால் மட்டுமே கிண்ணங்களில் போடுவது என்று சொல்லியிருந்தார். அவருக்கு வேறு வேலை இருந்தது, குப்பிகள் கழுவவேண்டியிருந்தன. என்றாலும் அங்கேயே நின்றார். கணவர் முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்து, கண்ணாடியை மூக்கு தொடும் அளவுக்கு நெருங்கினார்.

புட்டியின் மேல் பனித்துப்போன ஒரு திட்டு படர்ந்தது.

"ஐயோ, வேர்க்குதும்மா!"

"உங்க மூச்சுங்க அது!" என்று முயல்காரம்மா அவர் சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்தார். "கொஞ்ச நேரம் மூச்சு விடாம இருங்களேன்!"

அவர் மூச்சை அடக்கிக்கொண்டார். தாமும் அடக்கிக்கொண்டிருப்பதை முயல்காரம்மா உணரவில்லை. காலரிலிருந்து கையையும் எடுக்கவில்லை. மழை தகரத்தின் மீது கொட்டிக்கொண்டிருந்தது. கண்ணாடியில் இருந்த வெள்ளைத் திட்டு ஓரத்திலிருந்து மெதுவாகச் சுருங்கத் தொடங்கியது. விரற்கடை அளவாயிற்று, பிறகு பயறு அளவாயிற்று. இருவரும் அந்தப் பயறளவையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.