சரளாவுக்குத் தெரியாத வாடை

நேற்று சாயங்காலம் வண்டியை நிறுத்தும்போது ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் கேஸ் அளவைக் காட்டும் நாலு பச்சை விளக்குகளும் எரிந்தன. காலையில் சாவியைத் திருப்பிய சரளா இரண்டைத்தான் கண்டாள். ராத்திரி முழுக்க வண்டி வாசலை விட்டு நகரவில்லை. அப்படியென்றால் பாதிக் கேஸ் எங்கே போனது?

இறங்கிப் போய்ப் பின்பெட்டியைத் திறந்தாள். இரண்டு இரும்புப் பட்டைகளுக்குள் அந்த நீளமான கேஸ் உருளை, அவர்கள் பேச்சில் தோங், எப்போதும்போல் படுத்திருந்தது. குனிந்து மூச்சை ஆழமாக இழுத்தாள். ஒன்றும் தெரியவில்லை. அவளுக்கு எப்போதுமே ஒன்றும் தெரியாது. கொரோனாக் காய்ச்சலில் போன வாசனை இன்றுவரை திரும்பவில்லை. அடுப்பில் கருவாடு தீய்ந்தாலும் புகையைப் பார்த்துத்தான் ஓடுவாள். வீட்டில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். வண்டியில் ஏறுகிறவர்களிடம் மட்டும் அவள் வாய் திறந்ததில்லை. கேஸில் ஓடும் வண்டியை வாசனை தெரியாத ஒருத்தி ஓட்டுகிறாள் என்று தெரிந்தால் யார் ஏறுவார்கள்?

தலைநகரில் டாக்சியாக ஓடி ஓய்ந்த வண்டி அது. அவள் கைக்கு வந்த பிறகு, தோட்டத்துப் பழைய லய வீடுகளில் மிஞ்சியிருந்தவர்களை ஈப்போ நகரத்துக்கு ஏற்றிக்கொண்டு போய் வந்தது. பழனியப்பன் வாரத்தில் மூன்று நாள் போகிறவர். இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டதால், இரத்தத்தைச் சுத்தம் செய்ய அவருக்குப் பன்னிரண்டு மணிக்குப் படுக்கை.

பக்கத்து வீட்டு ஷாமினியைக் கூப்பிட்டு மோந்து பார்க்கச் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். சொன்னால் மதியத்துக்குள் தோட்டம் முழுக்கத் தெரிந்துவிடும். நாலு கண்ணாடிகளையும் இறக்கிவிட்டுக் கிளம்பினாள்.

பழனியப்பன் வழக்கம்போலப் பின்சீட்டில் கால் நீட்டி உட்கார்ந்தார். முன்சீட்டில் மடங்கி உட்கார வீங்கிய கால் இடம் தராது. அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு பலகை, பலகைக்குப் பின்னால் தோங். சமிக்ஞை விளக்கில் நின்றபோது, பக்கத்து லாரிக்காரன் சிகரெட் சாம்பலை வெளியே தட்டினான். சரளா அந்தச் சாம்பல் விழுந்த இடத்தையே பார்த்தாள். பச்சை விழுந்ததும் ஈப்போ சாலையில் போகாமல் இடதுபக்கம் திருப்பினாள்.

"எங்கம்மா போற?"

"சீனிகிட்ட ஒரு நிமிசம் காட்டிட்டுப் போயிடலாம்ணே."

செம்பனைக் காட்டை ஒட்டி, வண்டி பழுது பார்க்கத் தகரக் கொட்டகை போட்டிருந்தான் சீனி. பின்பெட்டியைத் திறந்ததுமே இரண்டடி பின்னால் போனான். பழனியப்பனை இறக்கித் தூரத்தில் ஒரு நாற்காலியில் உட்காரவைத்தான். பிறகு சோப்புத் தண்ணீரைக் குழைத்து வந்து வால்வின் கழுத்தில் தடவினான். சின்னச் சின்னக் கொப்புளங்கள் எழுந்து உடைந்து மறுபடியும் எழுந்தன. தோங்கின் மேல் பொறித்திருந்த தேதியை விரலால் துடைத்துப் படித்தான். பட்டைக்கு அடியில் நகத்தை வைத்துச் சுரண்டியபோது துரு செதில் செதிலாக உதிர்ந்தது.

"வால்வை மாத்தி ஒண்ணும் ஆகாதுக்கா. தோங்கோட ஆயுசே முடிஞ்சு ரெண்டு வருசமாச்சு. கழட்டித்தான் ஆகணும். இவ்வளவு வாடை தூக்குதே, உங்களுக்கு அடிக்கலியா?"

சரளா சோப்புக் கொப்புளங்களையே பார்த்தாள்.

"எனக்கு அடிச்சுச்சு" என்றார் பழனியப்பன் நாற்காலியிலிருந்து.

"எப்பண்ணே?"

"தீபாவளிக்கு முந்தியே."

"ரெண்டு மாசமாவா? ஏண்ணே சொல்லல?"

"சொன்னா நீ வண்டிய நிப்பாட்டிருவே. பெட்ரோல்ல ஓட்டுனா உனக்குக் கட்டாது. அப்புறம் என்னை யாரு கொண்டுபோவா?" அவர் தன் கால்களைப் பார்த்தபடி பேசினார். "கண்ணாடியத் தொறந்து வச்சா போதும்னு நெனச்சேன். ரொம்ப அடிச்சா சொல்லிக்கலாம்னு இருந்தேன்."

"எனக்கு மூக்கு வேலை செய்யாதுண்ணே. கொரோனா வந்ததுலேருந்து."

"தெரியும்லா. சீட்டுக்கடியில மீன் தண்ணி கொட்டுன வாரம் பூரா நீ கண்ணாடிய ஏத்திவிட்டுத்தானே ஓட்டுனே."

சரளாவுக்குச் சிரிப்பு வரும்போல் இருந்தது. வரவில்லை. ரெண்டு மாதமாக இவர் அந்தத் தோங்கில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, அவளுக்கும் சேர்த்து மோந்துகொண்டு வந்திருக்கிறார். அவள் மறைத்தது அவருக்குத் தெரியும். அவர் மறைத்ததுதான் அவளுக்குத் தெரியவில்லை.

கேஸை முழுக்க வெளியேற்றாமல் சாவியைத் தொடக் கூடாது என்றான் சீனி. அதன் பிறகு பெட்ரோலில் ஓட்டிக்கொண்டு போகலாம். அவனும் அவளும் சேர்ந்து வண்டியை வெட்டவெளிக்குத் தள்ளினார்கள். அவன் வால்வில் குழாயை மாட்டி, அதன் வாயை வானத்தைப் பார்க்க ஒரு கம்பத்தில் கட்டினான். கைப்பேசியை எடுக்கக் கூடாதென்று இருவரையும் தூரத்துக்கு அனுப்பினான்.

சரளா மெயின் ரோடுவரை நடந்து போய் வாடகைக் கார் தேடினாள். பக்கத்தில் ஒன்றும் இல்லை. சிகிச்சை நிலையத்துக்குப் போன் போட்டாள். ஒரு மணிக்குள் வந்தால் பார்க்கலாம், இல்லாவிட்டால் படுக்கையை அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவோம் என்றாள் தாதி. திரும்பி வந்தபோது மணி பன்னிரண்டேகால். உஸ்ஸென்ற சத்தம் கொஞ்சமும் குறையவில்லை. ஒரு செம்பனையின் நிழலில் பழனியப்பன் நாற்காலியோடு நகர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"இன்னிக்குப் படுக்கை போயிரும்போல. புதன்கெழம வருவியாம்மா?"

அவள் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். உச்சி வெயிலில் தகரக் கூரை தகதகத்தது. கேஸ் சீறும் குளிரில், கம்பத்தில் கட்டியிருந்த குழாயின் வாயைச் சுற்றி வெள்ளையாக ஏதோ படரத் தொடங்கியிருந்தது. இருவரும் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்கள். அந்த வெயிலிலும் அது உருகாமல், விளிம்பிலிருந்து கீழே ஒரு சாண் அளவுக்குப் பனியாக இறங்கிக்கொண்டிருந்தது.